லாஸ் வேகாஸ் போக்கர் ரிசல்ட்டைப் படிப்பது எப்படி? நீலகிரி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கூடலூர், பந்தலூர் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும் ஜூன், ஜூலை வாரங்களில்தான் லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடர் நடக்கிறது. ரிசல்ட் போனுக்கு வந்ததும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரியிலிருந்து வரும் சந்தேகங்கள் வருடா வருடம் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறோம். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில். அங்கே ஒரு மில்லியன் என்பது நம் பத்து லட்சம். பத்து மில்லியன் ஒரு கோடி. ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

போக்கர் உலகக் கோப்பைங்கறாங்களே, அது ஒரே ஒரு போட்டிதானுங்களா?

இல்லை. அது ஒரு தொடர். மே கடைசியில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை நூறை ஒட்டிய எண்ணிக்கையில் தனித்தனிப் போட்டிகள் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தனிப் பரிசுத் தொகை, தனி ரிசல்ட். எல்லோரும் பேசுவது ‘மெயின் ஈவென்ட்’ என்ற ஒன்றைப் பற்றி. அதன் கட்டணம் 1972 முதல் 10,000 டாலர். இத்தனை வருடத்தில் மாறவே இல்லை. ‘போக்கரில் ஜெயித்தார்’ என்று செய்தி வந்தால் எந்தப் போட்டியில் என்று முதலில் பாருங்கள். அதே வாரத்தில் வேறு பத்துப் பேரும் எதையாவது ஜெயித்திருப்பார்கள்.

தொடர் 1970-ல் லாஸ் வேகாஸ் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூவில் தொடங்கியது. அந்த முதல் வருட ரிசல்ட் ஒரு ஓட்டெடுப்பு: ஆடியவர்களே வாக்களித்து ஜானி மாஸைச் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுத்தார்கள். கடைசி ஆள் மிஞ்சும் வரை ஆடும் முறை 1971-ல் வந்தது. அதிலும் அவரே ஜெயித்தார். 2005 முதல் ரியோ ஹோட்டல், 2022 முதல் ஹார்ஸ்ஷூவும் பாரிஸும். இந்த ஹார்ஸ்ஷூ பழைய பினியன்ஸ் இல்லை. முன்பு பாலிஸ் என்றிருந்த ஹோட்டலுக்கு வைத்த புதுப் பெயர்.

ரிசல்ட் ஷீட் வந்ததும் எதை முதல்ல பாக்கோணும்?

முதல் பரிசை அல்ல. ஷீட்டின் தலைப்பில் நான்கு எண்கள் இருக்கும்: பை-இன் எனப்படும் கட்டணம், எண்ட்ரி எத்தனை, மொத்தப் பரிசுத் தொகை, எத்தனை இடம் வரை பணம். இந்த நான்கையும் பார்த்த பிறகு பெயர்ப் பட்டியலுக்கு வாருங்கள்.

2024 மெயின் ஈவென்டை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 10,000. எண்ட்ரி 10,112, இன்றுவரை மிகப் பெரிய எண்ணிக்கை. பரிசுத் தொகை 9,40,41,600. பணம் 1,517 இடம் வரை. அதன் கீழேதான் ஜோனதன் தமாயோ, ஒரு கோடி டாலர் என்ற முதல் வரி வருகிறது. குன்னூர் தேயிலை ஏலத்தை வாராவாரம் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஏதோ ஒரு லாட் எடுத்த உச்ச விலை செய்தியில் வரும்; நம் பச்சைத் தேயிலைக்குக் கிடைப்பதோ சராசரியை ஒட்டித்தான். போக்கர் ரிசல்ட்டிலும் முதல் வரி உச்ச விலை மாதிரி. மீதிக் கதை தலைப்பு எண்களில் இருக்கிறது.

10,112 பேர் பத்தாயிரம் கட்டினா 10 கோடியைத் தாண்டணுமே? 9.4 கோடின்னு போட்டிருக்கு, மீதி எங்கே போச்சு?

சரியான கணக்கு. வசூல் 10,11,20,000. ஒவ்வொரு பத்தாயிரத்திலும் 700 டாலர், அதாவது 7 சதவீதம், நடத்துகிறவர்களுக்கும் ஊழியர்களுக்கும் போகிறது. மீதி 9,300-ஐ 10,112-ஆல் பெருக்கினால் மேலே சொன்ன பரிசுத் தொகை ஒரு டாலர் பிசகாமல் வரும். பிடித்த தொகை 70,78,400. 2023-லும் (10,043 எண்ட்ரி) 2025-லும் (9,735 எண்ட்ரி) இதே 9,300 கணக்குத்தான். நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

ஊட்டி ரேஸ் கோர்ஸில் டோட் போர்டு பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பூலில் விழுந்த பணத்தில் கிளப்பும் வரியும் போகத்தான் ஜெயித்த டிக்கெட்டுக்குப் பங்கு. போக்கரிலும் ஆடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டதைவிடக் குறைவாகத்தான் எல்லோரும் சேர்ந்து எடுக்கிறார்கள். கட்டணம் குறைந்த போட்டிகளில் இந்தப் பிடித்தத்தின் சதவீதம் பொதுவாக இன்னும் அதிகம். அதனால் எந்த ஷீட் கையில் வந்தாலும் பரிசுத் தொகையை எண்ட்ரியால் வகுத்து, கட்டணத்தோடு ஒப்பிடுங்கள்.

எத்தனை பேருக்குத்தான் காசு கிடைக்குது? கடைசி ஆளுக்கு எவ்வளவு?

மெயின் ஈவென்டில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு. 2024-ல் 1,517 பேர் பணம் வாங்கினார்கள். 8,595 பேர் வெறுங்கையோடு எழுந்தார்கள். பணம் கிடைத்ததில் கடைசிப் படி 15,000 டாலர். அங்கிருந்து படிகள் மெதுவாக ஏறும். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே தொகை என்றுகூட இருக்கும். ஒன்பதாவது இடம் 10 லட்சம். மூன்றாவது நிக்லாஸ் ஆஸ்டெட் 40 லட்சம், இரண்டாவது ஜோர்டன் கிரிஃப் 60 லட்சம், முதலிடம் ஒரு கோடி.

முதல் மூவரின் தொகையைக் கூட்டினால் 2 கோடி. மொத்தப் பரிசில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் மூன்றே பேரிடம். பணம் வாங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு, நாலு மடங்கோடு நிற்கிறவர்கள்.

15,000 வாங்கினவரு 5,000 லாபத்துல வந்தாருன்னு வச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ள முடியாது. விமானம், தங்கும் அறை, ஒரு வாரச் சாப்பாடு, வரி எல்லாம் அந்த ஐந்தாயிரத்துக்குள் அடங்க வேண்டும். அதோடு அவர் அந்த ஒரு போட்டிக்காக மட்டும் வந்திருக்க மாட்டார். ஆறு வாரத்தில் இருபது போட்டிகள் ஆடி, இந்த ஒன்றில் மட்டும் பணம் பார்த்திருக்கலாம். தோற்ற பத்தொன்பதும் எந்த ரிசல்ட்டிலும் வராது, ஏனென்றால் பணம் வாங்காத பெயர்கள் பட்டியலில் ஏறுவதே இல்லை.

இணையத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயருக்கும் எதிரே ‘மொத்த வருமானம்’ என்று ஒரு பெரிய தொகை போட்டிருப்பார்கள். அது வாங்கிய பரிசுகளின் கூட்டல் மட்டுமே. கட்டிய கட்டணங்கள் அதில் கழிக்கப்படவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இது அதுவாக இருக்கட்டும்.

எண்ட்ரின்னா ஆளுன்னு அர்த்தமுங்களா?

மெயின் ஈவென்டில் ஆம். அது ‘ஃப்ரீஸ்அவுட்’: ஆடத் தரும் வில்லையான சிப் தீர்ந்தால் வெளியே, அந்த வருடத்துக்கு மறுபடி நுழைய முடியாது. ஆகவே 10,112 எண்ட்ரி என்றால் 10,112 தலைகள்.

தொடரின் மற்றப் பல போட்டிகள் ‘ரீ-எண்ட்ரி’ வகை. பூல் ரம்மியில் ரீ-ஜாயின் போடுவது போலத்தான். தோற்றவர் மறுபடி முழுக் கட்டணம் கட்டி உட்காரலாம். ஒருவர் மூன்று முறை கட்டினால் எண்ட்ரி மூன்று கூடும். ரிசல்ட்டில் அவர் பெயர் ஒரே வரியில்தான் வரும். 1,500 டாலர் போட்டியில் ஒருவர் 3,000 வாங்கினார் என்று பார்க்கிறீர்கள். அவர் மூன்று முறை நுழைந்திருந்தால் 4,500 கட்டியிருக்கிறார். ஷீட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. போட்டியின் பெயருக்குப் பக்கத்தில் ஃப்ரீஸ்அவுட் என்று இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

டே 1ஏ, 1பி, 1சி, 1டின்னு நாலு முதல் நாளு எப்படி? அப்புறம் எண்ணிக்கை தினமும் மாறிட்டே இருக்குதே?

பத்தாயிரம் பேரை ஒரே நாளில் உட்காரவைக்க மேசை கிடையாது. அதனால் முதல் நாள் ஆட்டத்தை நான்கு தேதிகளில் பிரிக்கிறார்கள். ஒருவர் அதில் ஒரு தேதியில் மட்டும் ஆடுவார். தப்பியவர்கள் இரண்டாம் நாளில் சேர்கிறார்கள், அதுவும் இரண்டு தேதிகளில். எல்லோரும் ஒன்றாக உட்காருவது மூன்றாம் நாளில்தான்.

எண்ணிக்கை மாறுவதற்குக் காரணம் தாமதப் பதிவு. கடந்த சில வருடங்களாக இரண்டாம் நாள் ஆட்டம் தொடங்கும் வரைக்கும், அதற்குச் சற்றுப் பிறகும்கூடப் புது ஆட்கள் நுழையலாம். பதிவை மூடிய பிறகே மொத்த எண்ணிக்கையும் பரிசுப் படிகளும் அதிகாரபூர்வமாக வரும். டே 1டி முடிந்ததும் ‘இந்த வருடக் கூட்டம் இவ்வளவுதான்’ என்று வரும் செய்திகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நேரக் கணக்கும் இங்கேயே. கோடையில் லாஸ் வேகாஸ் நமக்கு 12 மணி 30 நிமிடம் பின்னால். அங்கே பகல் 12 மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே நள்ளிரவு 12:30, தேதியும் மாறிவிடும். ஒரு லெவல், அதாவது ஆட்டத்தின் ஒரு கட்டம், 2 மணி நேரம்; முதல் நாளில் ஐந்து லெவல், நடுவே இடைவேளைகள், ராத்திரிச் சாப்பாடு. முடியும்போது இங்கே மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். காலையில் இலை பறிக்கப் போகும் முன் பார்ப்பது பாதி ஆட்டத்தின் நிலவரம். மழையில் டவர் போய்த் திரும்பினால் போன் பழைய பக்கத்தையே காட்டும். மேலே உள்ள லெவல் எண்ணைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

சிப் கவுண்டுல கோடிக்கணக்குல போடறாங்களே, அது காசா?

காசே இல்லை. 10,000 டாலர் கட்டிய ஒவ்வொருவருக்கும் 60,000 சிப் தருகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு கவுண்டரில் போய் மாற்ற முடியாது. அது அந்த மேசையில் உயிரோடு இருக்கும் அளவு, அவ்வளவுதான். முன்னிலையில் இருப்பவர் அடுத்த ஒரு மணி நேரத்தில் வெளியே போகலாம். அப்போது அவருக்குக் கிடைப்பது அந்த இடத்துக்கான பரிசு. எத்தனை கோடி சிப் வைத்திருந்தார் என்பதற்கு அதில் பங்கில்லை.

சிப்பைப் படிக்க இரண்டு வகுத்தல் போதும். ஒன்று, சராசரி. 2024-ல் மொத்த சிப் 60,67,20,000. பணம் கிடைக்கும் எல்லையில் 1,517 பேர் இருக்கும்போது சராசரி சுமார் 4 லட்சம். நூறு பேர் மிஞ்சும்போது 60 லட்சத்துச் சொச்சம். ஒன்பது பேர் மிஞ்சும்போது 6 கோடியே 74 லட்சம். இரண்டாவது, பிக் பிளைண்டால் வகுப்பது. ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை. ஒவ்வொரு கைக்கும் முன் மேசையில் இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகை பிளைண்ட்; அதில் பெரியது பிக் பிளைண்ட். லெவல் ஏற ஏற அதுவும் ஏறும். பிக் பிளைண்ட் 2 லட்சமாக இருக்கும்போது 40 லட்சம் வைத்திருப்பவரிடம் இருப்பது 20 பிக் பிளைண்ட். நாற்பது லட்சம் என்று கேட்க மலைப்பாக இருக்கும். இருபது என்று பார்த்தால்தான் அவர் நெருக்கடியில் இருப்பது தெரியும்.

எல்லோருடைய சிப்பையும் கூட்டினால் மொத்தம் துல்லியமாக வருவதில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். பிளைண்ட் ஏறியதும் சிறிய சிப்களை எடுத்துவிட்டுப் பெரியதாக மாற்றித் தருவார்கள். அந்த முழுமையாக்கலில் கொஞ்சம் முன்பின் ஆகும். நிருபர்கள் மேசையோரம் நின்று கண்ணால் மதிப்பிட்டுப் போடும் எண்களும் நடுநடுவே உண்டு. நாள் முடிவில் ஆட்டக்காரரே எண்ணி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, மேலே எழுதித் தரும் எண்ணிக்கைதான் நம்பகமானது.

பபிள்ங்கறது என்ன? ஒரே நேரத்துல ரெண்டு பேரு அவுட் ஆனா யாருக்குக் காசு?

பணம் கிடைக்கும் கடைசி இடத்துக்கு ஒரு இடம் முன்னால் வெளியேறுவது பபிள். 2024 கணக்கில் 1,518-வது ஆள். அந்த நேரத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஆடி அடுத்த மேசையில் யாராவது போகட்டும் என்று காத்திருப்பார்கள். அதைத் தடுக்க எல்லா மேசைகளிலும் ஒரே சமயம் ஒவ்வொரு கையாக ஆடவைப்பார்கள். ஒரு மேசை முடித்துவிட்டால் மற்றவை முடியும் வரை அடுத்த சீட்டு போடக் கூடாது.

ஒரே மேசையில் ஒரே கையில் இருவர் போனால், அந்தக் கை தொடங்கும்போது யாரிடம் சிப் அதிகமோ அவருக்கு மேல் இடம். வெவ்வேறு மேசைகளில் போனால் இருவரும் சமம். அந்த இரண்டு இடங்களின் பரிசைக் கூட்டிப் பாதியாகப் பிரிப்பார்கள். பணமுள்ள கடைசி இடமும் பணமில்லாத முதல் இடமும் இப்படிச் சேர்ந்தால் 15,000-மும் பூஜ்யமும் சேர்ந்து ஆளுக்கு 7,500. ‘குறைந்த பரிசு 15,000 என்று சொன்னீர்களே, இங்கே பாதித் தொகை இருக்கிறதே’ என்று எந்த ஷீட்டிலாவது பார்த்தால் காரணம் இதுதான்.

சில வருஷத்துக்கு ஜூலைன்னும் நவம்பர்னும் ரெண்டு தேதி இருக்கு. 2020-க்கு ரெண்டு பேரைப் போட்டிருக்கு. எது சரி?

2008 முதல் 2016 வரை மெயின் ஈவென்டை ஜூலையில் ஒன்பது பேர் மிஞ்சும் வரை ஆடி நிறுத்திவிட்டு, அந்த ஒன்பது பேரையும் இலையுதிர் காலத்தில் மறுபடி அழைத்து டிவிக்காக இறுதி மேசை ஆடவைத்தார்கள். ‘நவம்பர் நைன்’ என்ற பெயர் அதனால். 2017-ல் பழையபடி ஜூலைக்கே திரும்பினார்கள்.

2020 கொரோனா வருடம். கோடையில் ஆன்லைனில் 5,000 டாலர் மெயின் ஈவென்ட் ஒன்று நடந்தது; ஸ்டோயன் மாதன்ஜியேவ் ஜெயித்தார். பிறகு பாதி ஆன்லைன், பாதி நேரடியாக 10,000 டாலர் போட்டி நடந்து, அதன் கடைசி ஆட்டம் 2021 ஜனவரியில் முடிந்தது. அதில் ஜெயித்த டாமியன் சாலாஸைத்தான் 2020-ன் மெயின் ஈவென்ட் சாம்பியனாகப் பட்டியலில் வைக்கிறார்கள். 2021 தொடரும் கோடையில் நடக்கவில்லை. கோரே ஆல்டெமிர் நவம்பரில் ஜெயித்தார். இந்த இரண்டு வருட எண்ணிக்கைகளை மற்ற வருடங்களோடு ஒப்பிட வேண்டாம்.

கடைசிக் கையில 8-3 வச்சு ஒரு கோடி டாலர் ஜெயிச்சாரே! அப்ப எல்லாம் அதிர்ஷ்டந்தானுங்களே?

இந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில்; மேசையில் திறக்கும் பொதுச் சீட்டுகளை எல்லோரும் சேர்த்துக்கொள்ளலாம். 2024-ன் கடைசிக் கையில் தமாயோவிடம் 8-3, கிரிஃபிடம் 9-6. மேசையில் விழுந்த முதல் மூன்று பொதுச் சீட்டில் 9, 8, 3 மூன்றும் இருந்தன. கிரிஃபுக்கு 9-ல் ஒரு ஜோடி, தமாயோவுக்கு 8, 3 என இரண்டு ஜோடி. இருவருக்குமே நல்ல கை விழுந்ததாகத் தோன்றும் இடம் அது. அங்கே சிப் முழுவதும் நடுவே போவது இயல்பு. கையில் வந்த இரண்டு சீட்டை மட்டும் பார்த்தால் குருட்டு அதிர்ஷ்டம் போலத் தெரியும்.

இரண்டே பேர் மிஞ்சும்போது ஒவ்வொரு கைக்கும் இருவரும் பிளைண்ட் வைத்தாக வேண்டும். ஏஸும் ராஜாவும் வரும் வரை காத்திருப்பவர் காத்திருந்தே கரைந்து போவார். அதனால் ஒன்பது பேர் மேசையில் குப்பையில் போடும் சீட்டெல்லாம் இங்கே ஆடப்படும். டாய்ல் பிரன்சன் 1976, 1977 இரண்டு வருடமும் 10-2 வைத்து முடித்தார். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் 5-4. 2025-ல் மைக்கேல் மிஸ்ராகி 10-3, இரண்டும் டைமன், ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேரும் ஃப்ளஷ் அடித்து. கடைசிக் கை புகைப்படத்துக்கு நல்லது. ஆட்டத்தின் தரத்தை அதிலிருந்து படிக்க முடியாது.

அப்ப திறமைன்னு ஒண்ணு இருக்குதுன்னு ரிசல்ட்ல எங்க தெரியும்?

ஒரு வருட மெயின் ஈவென்டில் தெரியாது. பல வருடப் பல போட்டிகளில் தெரியும். ஃபில் ஹெல்முத் 1989-ல் 24 வயதில் மெயின் ஈவென்ட் ஜெயித்தார். தொடரில் ஒரு போட்டியை ஜெயித்தவருக்குத் தரும் கைச்சங்கிலிதான் பிரேஸ்லெட்; 2023 வரை அவர் சேர்த்தது 17. முப்பத்துச் சொச்ச வருட இடைவெளியில் வெவ்வேறு போட்டிகளில் ஒருவர் பெயர் மறுபடி மறுபடி மேலே வந்தால் அதை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. இன்னும் தெளிவான சாட்சி மிஸ்ராகி. 50,000 டாலர் கட்டணத்தில் பல வகைப் போக்கரையும் மாற்றி மாற்றி ஆடும் போட்டி ஒன்று இருக்கிறது. கூட்டம் சிறியது, வருகிறவர்கள் எல்லோரும் கை தேர்ந்தவர்கள். அதை அவர் 2010, 2012, 2018, 2025 என நான்கு முறை ஜெயித்தார். 2025-ல் அதே கோடையில் மெயின் ஈவென்டும் அவருக்கே.

மெயின் ஈவென்ட் மட்டும் ஏன் சாட்சியாகாது? கூட்டம். ஜானி சான் 1987, 1988 அடுத்தடுத்து ஜெயித்தார். ஸ்டூ உங்கர் 1980, 1981-க்குப் பிறகு 1997-ல் மூன்றாவது முறை. அதற்குப் பின் யாரும் இரண்டாம் முறை ஜெயிக்கவில்லை. 2003-ல் 839 பேர். அந்த வருடம் 86 டாலர் ஆன்லைன் போட்டி வழியாக இடம் பிடித்த மணிமேக்கர் 25 லட்சம் ஜெயித்ததும் உலகமே வரிசையில் நின்றது: 2004-ல் 2,576, 2005-ல் 5,619, 2006-ல் 8,773. ஐநூறு பேரில் தேர்ந்தவன் திரும்ப வர வாய்ப்பு உண்டு. பத்தாயிரம் பேரில், எவ்வளவு தேர்ந்தவனாக இருந்தாலும், ஒரு வாழ்நாளில் ஒரு முறை வருவதே அபூர்வம்.

பிரேஸ்லெட், மோதிரம் ரெண்டும் ஒண்ணா?

இல்லை. பிரேஸ்லெட் 1976 முதல் உலகத் தொடரின் ஒவ்வொரு போட்டி வெற்றியாளருக்கும். மோதிரம் அதே பெயரில் வருடம் முழுக்க ஊர் ஊராக நடக்கும் ‘சர்க்யூட்’ போட்டிகளுக்கு. சர்க்யூட் ஜெயித்தவரை உலக சாம்பியன் என்று எழுதினால் அது தவறு.

நம்ம நாட்டுக்காரங்க யாராச்சும் ஜெயிச்சிருக்காங்களா?

ஜெயித்திருக்கிறார்கள். 2017-ல் நிபுன் ஜாவா, ஆதித்யா சுஷாந்த் இருவரும் ஜோடியாக ஆடும் டேக் டீம் போட்டியை ஜெயித்தார்கள்; இந்தியாவின் கணக்கில் வந்த முதல் பிரேஸ்லெட் அது. அதே தொடரில் ஜாவா ஆன்லைன் போட்டி ஒன்றையும் ஜெயித்தார். நமக்குப் பக்கத்து ஊர் என்று சொல்லக்கூடிய பெங்களூரின் சந்தோஷ் சுவர்ணா 2023-ல் ஐரோப்பியத் தொடரில் ஒன்று, 2024-ல் லாஸ் வேகாஸில் 2,50,000 டாலர் கட்டணப் போட்டி ஒன்று என இரண்டு பிரேஸ்லெட் வைத்திருக்கிறார். இரண்டாவதன் பரிசு 54 லட்சம் டாலருக்கு மேல். எண்ட்ரியைப் பார்க்கச் சொன்னோமே, இங்கே அது முக்கியம்: இவ்வளவு பெரிய கட்டணத்தில் வருகிற கூட்டம் மிகச் சிறியது.

ஜெயிச்சவரு கைக்கு முழுப் பணமும் போகுமா?

பெரும்பாலும் போகாது. முதலில் வரி. அமெரிக்காவில் வெளிநாட்டவரின் பரிசில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வது பொது விதி. பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு வரி ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு; இந்தியாவுக்கு இல்லை. ஆகவே ஷீட்டில் அடுத்தடுத்த வரியில் ஏறக்குறைய ஒரே தொகையோடு இருக்கும் இருவரின் கைக்குப் போவது மிகவும் வேறுபடும். இந்தியாவில் வசிப்பவர் இங்கேயும் கணக்குக் காட்ட வேண்டும்: சீட்டாட்ட வெற்றிக்கு நேராக 30 சதவீதம், மேலே செஸ், தொகை பெரிதானால் சர்சார்ஜ். விமானம், அறை, தோற்ற போட்டிகளின் கட்டணம் எதையும் கழிக்க முடியாது. அமெரிக்காவில் பிடித்ததை இங்கே வரவு வைக்க அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

அடுத்து பங்கு. பெரிய கட்டணத்தைப் பலர் சொந்தப் பணத்தில் கட்டுவதில்லை. பாதியை நண்பர்களிடம் விற்றிருந்தால் பரிசில் பாதி அவர்களுக்கு. இறுதி மேசையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிப் பங்கு பிரித்துக்கொள்வதும் உண்டு. உலகத் தொடர் நிர்வாகம் அதை அங்கீகரிப்பதில்லை. ரிசல்ட்டில் அறிவித்த படித்தொகையே இருக்கும். வேறு சில தொடர்களில் அப்படிப் பிரித்ததை நட்சத்திரக் குறி போட்டுக் காட்டுவார்கள்.

2025-ல ‘மில்லியனர் மேக்கர்’ போட்டிக்கு பிரேஸ்லெட் யாருக்கும் இல்லையாமே?

ஆமாம். 1,500 டாலர் கட்டணப் போட்டி அது. வெளி நிறுவனம் ஒன்று, குறிப்பிட்ட சில ஆட்டக்காரர்களில் யாராவது இதை ஜெயித்தால் தனியாக 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்திருந்தது. கடைசி இருவரில் ஒருவருக்கு அந்தத் தகுதி இருந்தது. முன்னிலையில் இருந்த மற்றவரின் சிப் விசித்திரமான முறையில் கரைந்ததாகப் பார்த்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். விசாரித்த நிர்வாகம் வெற்றியாளர் என்று யாரையும் அறிவிக்காமல், மீதிப் பரிசை இருவருக்கும் சமமாகப் பிரித்து, பிரேஸ்லெட்டை நிறுத்திவைத்தது. முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட வெளிப் பரிசு பெரிதாக இருந்தால் ஆட்டமே கெட்டுப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

2024 இறுதி மேசையில் தமாயோவின் நண்பர்கள் லேப்டாப்பைப் பார்த்து ஆலோசனை சொன்னது வேறு சர்ச்சை. அந்த ரிசல்ட் மாறவில்லை. அடுத்த வருடம் மின்னணுச் சாதனங்கள் பற்றிய விதியைக் கடுமையாக்கினார்கள்.

இந்த ரிசல்ட்டைக் காட்டி ‘நீங்களும் ஆடலாம்’னு லிங்க் வருது. ஆடலாமா?

வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதம் பார்க்காமல் தடை செய்கிறது. நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு இரண்டு ஆண்டு, 50 லட்சம் வரை. ‘ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது’ என்று லிங்க் அனுப்புகிறவர்கள் எழுதுவார்கள். அது 2023 நவம்பரில், தமிழ்நாட்டின் 2022 சட்டத்தைப் பற்றி வந்த தீர்ப்பு. பின்னால் வந்த மத்தியச் சட்டத்துக்கு அதைக் கேடயமாக்க முடியாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த லிங்கில் இருக்கும் படம் எப்போதும் முதல் வரிதான். பணம் வாங்காத 8,595 பேரின் படம் எந்த விளம்பரத்திலும் வராது. இலைக் காசு வந்த வாரத்தில், பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் அந்தப் படம் போனுக்கு வருகிறது என்பதுதான் எங்களுக்குக் கவலை. வீட்டில் யாராவது ஏற்கெனவே சிக்கியிருந்தால் கடனை அடைக்க மறுபடி ஆட விடாதீர்கள். பெரும் தொகை போவது அந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

எங்க ஹட்டியில கோப்பைக்காக மட்டும் ரம்மி டோர்னமென்ட் வைக்கறோம். ரிசல்ட்டைச் சண்டை வராம எழுதறது எப்படி?

பணம் இல்லாமல் கோப்பைக்கு ஆடும்போதும் மேலே சொன்ன விதிகள் அப்படியே உதவும். ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு அட்டையில் எழுதி ஒட்டுங்கள்: மொத்தம் எத்தனை பேர், ரீ-ஜாயின் உண்டா, எத்தனை இடம் வரை பரிசு, சமமானால் எப்படிப் பிரிப்பது. சண்டைகள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கடைசி வரி எழுதாததால் வருபவை. ஒரே ஆட்டத்தில் இருவர் 101 பாயின்ட்டை எட்டி வெளியேறினால், அந்த ஆட்டத்துக்கு முன் யாருடைய பாயின்ட் குறைவோ அவருக்கு மேல் இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு நாள் ஆட்டம் என்றால் முதல் நாள் முடிவில் பாயின்ட்டை ஒரே நோட்டில் எழுதி, ஆடியவரும் மேசையில் இருந்த இன்னொருவரும் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். நோட்டைப் போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். வெளியேறியவர்களின் பெயரை அடிக்காமல், எத்தனாவது இடம் என்று எதிரே எழுதுங்கள். கடைசியில் அந்த நோட்டே முழு ரிசல்ட் ஆகிவிடும், லாஸ் வேகாஸ் ஷீட்டில் இல்லாத பெயர்களும் சேர்த்து.

சீட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மழைக்காலப் பனிமூட்டத்தில் காகிதச் சீட்டு ஈரம் உறிஞ்சி இரண்டே மணி நேரத்தில் ஒட்டும், மூலை வளையும். வளைந்த ஜோக்கரை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பிளாஸ்டிக் சீட்டுக் கட்டு வாங்குங்கள். மேசைக்கு இரண்டு கட்டுப் போக இன்னும் இரண்டு தயாராக இருக்கட்டும், காய்ந்த துணியும் ஒன்று. சாயங்காலம் ஆட்டம் வைத்தால் சூடான டீ டம்ளர்களைச் சீட்டு மேசையில் வைக்காமல் பக்கத்து ஸ்டூலில் வையுங்கள்.